உம் குழியில் கிடந்த குருட்டுப்பாம்புகள்

மண்ணின் மேல் நடப்போர்க்கும் மண்ணினுள் கண்ணின்றி ஊர்வனவற்றுக்கும் ஒருங்கே உணவளிப்பவனே, வெளிப்பட்டதையும் மறைந்ததையும் அறிபவனே, புகழ் அனைத்தும் உனக்கே. இம்மடலில் என் சினம் உண்மையின் எல்லையைத் தாண்டாமல் காப்பாயாக.

தம்பி, இன்று காலை வாசலிலுள்ள ரோஜாத் தொட்டியைக் கவிழ்த்து மண் மாற்றினேன். வேர்ப்பந்திலிருந்து ஒரு குருட்டுப்பாம்பு நழுவி உள்ளங்கையில் விழுந்தது. குடைக்கம்பி அளவே தடிமன். தலை எது, வால் எது என்று தெரியாத கறுப்பு. வால் நுனியிலுள்ள சிறு முள்ளால் என் தோலைத் தொட்டுத் தொட்டு வழி தேடியது. உம்மை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகிறது. கண்ணீர் வரவேண்டிய அந்த நேரத்தில் எனக்குக் கோபமே வந்தது. அக்கோபத்தை உமக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

முப்பது ஆண்டுகள் நம் ஊர் அடக்கத்தலமான மையவாடியில் குழி வெட்டினீர். மற்ற நாள்களில் வில்பட்டிக் கேரட் தோட்டங்களில் கூலி வேலை. ஊரில் எவர் இறந்தாலும், குழி தொழும் திசையான கிப்லாவை நோக்கி அமைகிறதா என்று பார்க்க ஜமாஅத்தார் விதைக்கடைக்காரனாகிய என்னை அனுப்புவார்கள். விடியற்காலைச் சுபுஹுத் தொழுகை முடிந்ததும், மலைச்சரிவின் பனிமூட்டத்தில் நாம் இருவர் மட்டுமே அங்கே நிற்போம். இடுப்பளவு ஆழத்தில் எறும்புப் புற்றோ கறையான் கூடோ தட்டுப்படும். அங்கே இப்பாம்புகள் கிடக்கும். நீர் மண்வெட்டியை வைத்துவிட்டுக் குனிந்து, ஒவ்வொன்றாய் விரலால் ஏந்தி எடுப்பீர். தேங்காய்ச் சிரட்டையை நான் பிடித்திருப்பேன். மையித்தைச் சுமந்து வருவோர் வந்து சேர்வதற்குள் அவை வேலியோரத்து இலைமக்கில் புகுந்து மறைந்திருக்கும்.

எதற்கு இவ்வளவு மறைவு என்று ஒருமுறை கேட்டேன். "கண்ணுல பட்டா வாய் சும்மா இருக்காதுண்ணே. குழியில பாம்பு, பாவம் செஞ்ச ஆளுதான்னு ஒருத்தன் சொல்லிட்டா, அந்த வீட்டுக்காரங்க தலை நிமிர முடியாது. உங்க வாயில இருந்தும் வந்துறக் கூடாது" என்றீர். நானும் வாக்களித்தேன்.

எல்லாம் ஒன்றுதான் என்றிருந்த எனக்கு அவற்றின் வகைகளைப் பிரித்துக் காட்டியவரும் நீரே. கறுத்து மினுங்குவது தோட்டத்திலும் பூந்தொட்டியிலும் கிடக்கும். சோலைக்காட்டு மட்கிய இலைக்கடியில் மட்டும் வாழ்வது செம்பழுப்பு நிறம், இன்னும் மெலிது. பழனி அடிவாரத்தில் நீர் கண்டது விரல் பருமன், கிளிமூக்குப் போல் வளைந்த முகம். ஆராய்ச்சிக்காகப் பேத்துப்பாறைப் பக்கம் வந்த கல்லூரி ஆசிரியை ஒருவர், உமது சிரட்டையில் இருந்தவற்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்துச் செதில்களை எண்ணினார். இம்மலைகளில் இன்னும் பெயர் சூட்டப்படாதவையும் இருக்கக்கூடும் என்றார். தொட்டியில் வருவதில் ஆணே கிடையாது, பெண் தானாகவே முட்டையிடும் என்றும் சொன்னார். அவர் போனபின் நீர் நெடுநேரம் சிரித்தீர். "பாத்தீங்களாண்ணே, அதுங்க ஜமாஅத்துல எல்லாம் பொம்பளைங்கதான். அதான் சண்டை சச்சரவு இல்லாம சோலியப் பாக்குதுங்க" என்றீர்.

பிறகு உம் நாள் வந்தது. ஐப்பசி அடைமழை. உமக்குக் குழி வெட்ட வெளியூரிலிருந்து இருவரை அழைத்தார்கள். மழையால் அவர்கள் வரத் தாமதமாயிற்று. வெட்டும்போதே கூட்டம் சூழ்ந்து நின்றது. சீகை மரத்தின் பழைய வேரடியில் புற்று உடைந்து, குருட்டுப்பாம்புகள் நான்கைந்து சேற்றில் விழுந்து நெளிந்தன. ஏந்தி எடுக்க நீர் இல்லை. வெட்டியவர்கள் மண்வெட்டியின் பின்புறத்தால் அவற்றை நசுக்கினார்கள்.

தங்கும் விடுதி நடத்தும் நம் ஜமாஅத்துப் பிரமுகர் இரண்டடி பின்வாங்கினார். "இத்தனை வருசம் எல்லாருக்கும் வெட்டுனாரு. ஒருத்தர் குழியிலயும் இப்படிப் பார்த்ததில்லை. இவருக்கு மட்டும் ஏன் கெடக்கு?" என்றார். ஆண்டவன் காட்டிவிட்டான் என்று இன்னொருவர் முணுமுணுத்தார். அந்தக் குழியை மூடி, மூலையில் வேறொன்று வெட்டி உம்மை வைத்தார்கள்.

நான் அங்கே நின்றேன், தம்பி. மறையும் பழந்தமிழ்ப் பாக்களும் ஓதிப் பழகிய இந்த நா அன்று அசையவில்லை. உமக்குத் தந்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். கூட்டத்தின் எதிரே நிற்க அஞ்சினேன். அவர்கள் மீது எனக்குள்ள சினத்தில் என் பங்கும் உண்டு.

பேச்சு உம் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டிய இத்தாவில் இருக்கும் உம் மனைவி மூன்று நாளாய் உண்ணவில்லை என்று கேட்டு, என் மனைவியுடன் போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்: "அண்ணே, உங்ககிட்ட மறைக்க மாட்டாரு. எனக்குத் தெரியாம என்ன பாவம் செஞ்சாரு?"

முப்பது ஆண்டுகள் உம்மோடு வாழ்ந்தவள், ஒரு புழுவை ஒத்த உயிரின் பொருட்டு உம்மை ஐயுற நேர்ந்ததே. அதற்கு மேல் நான் பொறுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் எழுந்து நின்று உமக்குத் தந்த வாக்கை உடைத்தேன். விடுதிக்காரரைப் பார்த்து, "உங்க அத்தாவுக்கு வெட்டுன குழியில ஏழு கெடந்துச்சு. இந்தக் கையாலதான் சிரட்டையைப் பிடிச்சேன்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "எங்கத்தா ஹஜ்ஜு செஞ்சவருங்க மாமா" என்றார், சிறு பிள்ளையின் குரலில்.

"அதைத்தான் சொல்றேன். ஹஜ்ஜு செஞ்சவருக்கும் கெடக்கும், குழி வெட்டுனவருக்கும் கெடக்கும். மண்ணு ஈரமா இருந்து, எறும்பு முட்டை போட்டா, அதைத் தின்ன அது வரும்."

பாவிக்கு மண்ணறையில் உண்டென்னும் கபரின் வேதனை மறைவானது; மண்வெட்டியில் தட்டுப்படும் உயிர் அதற்குச் சாட்சியாகாது என்றேன். இறைவன் மட்டுமே அறிந்த ஒன்றை நாம் அறிந்ததாய்ச் சொல்வதே அஞ்சத்தக்கது என்றும் சொன்னேன். என் குரல் அந்த இடத்துக்குத் தகாத அளவு உயர்ந்தது. சிலர் எழுந்து போனார்கள். முதியவர் ஒருவர் மட்டும் அருகே வந்து, தம் மனைவியின் குழியிலும் கிடந்ததா என்று மெல்லக் கேட்டார். ஆம் என்றேன். கடிக்குமா என்றார். அரிசி அகலமும் இல்லாத வாய் என்றேன். தூணில் சாய்ந்து அழுதார். நீர் அவருக்கு அளித்திருந்த நிம்மதியை நான் பறித்துவிட்டேன் என்று அப்போது விளங்கிற்று. ஆனாலும் வருந்தவில்லை.

விடுதிக்காரர் இன்றுவரை உம் வாசலுக்கு வரவில்லை. மறுநாள் அவருடைய தாய் வந்தார். உம் மனைவியின் கையைப் பிடித்து, "என் வீட்டுக்காரருக்கும் கெடந்துச்சாம்த்தா" என்றாராம். பிறகு இருவரும் ஒரே தட்டில் உண்டதாக என் மனைவி வந்து சொன்னாள்.

உம்மீதும் எனக்குக் கோபம் உண்டு, தம்பி. ஒரே ஒரு முறை ஊரைக் கூட்டி, அந்த உயிரை அவர்கள் உள்ளங்கையில் வைத்திருந்தால், உம் குழியருகே எவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். எல்லார் மானத்தையும் காத்த உம் இரக்கம், உம் மானத்தைக் காக்க எவருக்கும் அறிவைத் தரவில்லை. காத்த நீரும் மறைத்தீர். அறிந்த நானும் மறைத்தேன்.

இந்தச் சினம் என்னுடன் இருக்கட்டும். தணிக்குமாறு நான் துஆ கேட்கவில்லை. என் மக்களிடம் வசிய்யத்தாக, என் இறுதி விருப்பமாக, ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்: என் குழியை நடுப்பகலில், ஊரார் அனைவரும் சுற்றி நிற்க வெட்ட வேண்டும். உள்ளிருந்து எது வந்தாலும், அதை முதலில் என் மூத்த மகன் கையில் ஏந்த வேண்டும். பிறகு விரும்பும் எவரும் ஏந்தலாம். அது இலைமக்கில் ஊர்ந்து மறையும்வரை என்னைக் காத்திருக்க வையுங்கள்; அதன்பின் இறக்குங்கள்.

இதை வாசிப்போரே, உங்கள் இல்லத்தில் உணவு குறையாதிருக்கட்டும். உங்களில் இறந்தோர் மீது எவர் நாவும் படாதிருக்கட்டும். உங்கள் மக்கள் தீங்கற்ற உயிரைக் கண்டு அஞ்சாதவர்களாக வளர இறைவன் அருள்வானாக.