தும்மல் காபி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் உங்களை மாடிப்படி ஏற விடுகிறதா? அம்மா மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாளா? எனக்கு ஒரு குறையுமில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை, ஏறுவதும் இறங்குவதுமாகப் பொழுது போகிறது.

எஸ்பிரெஸோ காபி மெஷின் வாங்கிவிட்டேன். ஒரே சமயத்தில் இரண்டு கோப்பை நிரப்பும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரர், "மெஷினவிட காபிக்கொட்டை அரைக்கிற கிரைண்டர்தான் முக்கியம், அதையும் எடுத்துக்கங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். உங்கள் பிள்ளை கேட்பானா? "வீட்ல மிக்ஸி இருக்கு" என்று கெத்தாக வந்துவிட்டேன்.

காபிக்கொட்டையை மிக்ஸியில் போட்டு அரைத்தேன்; முந்தின நாள் அதே ஜாரில் மிளகு அரைத்தது நினைவில்லை. மெஷின் வந்த குஷியில், படியில் எதிர்ப்பட்ட மேல்வீட்டுத் தையல்காரரை இழுத்துவந்து இரண்டாவது கோப்பையை நீட்டினேன். ஒரு வாய் குடித்தார், விடாமல் தும்மினார். மானம் கப்பலேறிவிட்டது. மறுநாளே கிரைண்டர் வாங்க ஓடினேன். கடைக்காரர், "மிக்ஸி சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது காபி அமிர்தம். நேற்றுத் தையல்காரர் தானாகவே வந்து கதவைத் தட்டினார். புதுக் காபியைக் குடித்துவிட்டு, "இது எங்கயும் கிடைக்கும்ப்பா. அந்தத் தும்மல் காபி போடேன்" என்கிறார்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லி மிளகு கொஞ்சம் தாராளமாகவே அனுப்புங்கள். இந்த ஊருக்கு வந்த பிறகு என் கதவைத் தட்டிய முதல் ஆள் அந்தத் தையல்காரர்தான்.

உங்கள் பிள்ளை