குண்டூசியும் கடுகும்

திங்கட்கிழமை, காலை

அன்புள்ள குண்டூசிக்கு,

கடுகு எழுதிக்கொள்வது. நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. புது ஊர், விளம்பரக் கம்பெனி வேலை, சுழல் நாற்காலி; நலமாகத்தான் இருப்பாய். நான்கு மாதமாக என் போனை எடுக்காதவளுக்கு உட்கார்ந்து கடிதம் எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சல்தான். முகவரி வாங்க உன் அம்மாவிடம் போனேன். எதுவும் கேட்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் வீம்புக்கு மட்டும் குறைச்சலே இல்ல" என்றார். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என் பழைய போன் பிரஷ் கழுவும் குவளைக்குள் விழுந்து செத்துப்போனது. புதுப் போனில், நான் வரைந்து நீ வரி எழுதிய நம் 'குண்டூசியும் கடுகும்' பக்கத்தைத் திறக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. அதைப் போட்டவள் நீ. உன் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தேன், என் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தேன், ஓவியக் கல்லூரி விடுதியில் நம் கட்டிலுக்கு அடியில் குட்டி போட்ட பூனையின் பெயரைக்கூடப் போட்டுப் பார்த்தேன். எதுவும் இல்லை. பக்கம் பூட்டிக்கொண்டுவிட்டது. ஆறு இலக்க ஓடிபி வந்தால்தான் திறக்குமாம். அது உன் எண்ணுக்குத்தான் வருமாம். ஆறு வருடத்துக்கு முன்னால் நாம் இதைத் தொடங்கியபோது என்னிடம் இருந்தது பட்டன் போன். அதனால் உன் எண்ணைக் கொடுத்தோம், நினைவிருக்கும்.

நம்மைப் பின்தொடர்கிறவர்கள் இருபத்திரண்டாயிரம் பேர், குண்டூசி. எனக்கு வேலை வருவதே அந்த வாசல் வழியாகத்தான். கேக் கடைப் பெட்டிக்கு அணில் வேண்டும் என்பவரும், பள்ளிக்கூடச் சுவருக்குத் திமிங்கிலம் வேண்டும் என்பவரும் அங்கே பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த நேரம் பார்த்துக் குழந்தைகள் பதிப்பகம் ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. பன்னிரண்டு படக்கதைப் புத்தகங்கள் கொண்டுவரப் போகிறார்களாம். ஒரு வருடமாக நம் பக்கத்தைப் பார்த்து வருகிறார்களாம். அடுத்த மாதக் கடைசியில் கூடி முடிவெடுப்போம், அதுவரை தொடர்ந்து போட்டுக்கொண்டே இருங்கள் என்று அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மா எழுதியிருக்கிறார். பன்னிரண்டு புத்தகம்! இத்தனை நாள் பெட்டிக்கும் சுவருக்கும் வரைந்த எனக்கு, புத்தகத்துக்கு வரைவதென்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ கிளம்பிய அன்று நான் சொன்னது உன்னை உறுத்தியிருக்கும். ஆனால் முதலில் ஆரம்பித்தவள் நீ. "நான் இல்லாட்டி உன் படத்தை ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க" என்றாய். அதற்குத்தான் நான், "போடி, நாலு வரி யாரு வேணும்னாலும் எழுதலாம், படம்தான் வேலை" என்றேன். நீ சொன்னதற்கு நான் சொன்னது சரியாகப் போயிற்று என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

கடிதம் உன்னிடம் வந்து சேர ஐந்து நாள் ஆகும். ஓடிபி உயிரோடு இருப்பது பத்தே நிமிடம். ஆகவே கவனமாகக் கேள். இந்த வாரம் விட்டு அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு நான் பொத்தானை அழுத்துவேன். உன் போனுக்கு எண் வரும். என்னைக் கூப்பிட்டு அதைச் சொல்லிவிட்டு வைத்துவிடு. நலமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் விசாரிக்க வேண்டாம். நானும் விசாரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உதவி கேட்டுப் பழக்கமில்லாத
கடுகு


வியாழக்கிழமை, மதியம்

அன்புள்ள குண்டூசிக்கு,

முதல் கடிதம் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. பதில் இல்லை. பதிலுக்காக இதை எழுதவில்லை. சொல்ல வேண்டியது சேர்ந்துவிட்டது, வேறு யாரிடம் சொல்வது?

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். பத்தேகாலுக்கு மறுபடி அழுத்தினேன். பத்தரைக்கு ஒரு தடவை. நான்காவது தடவை, அளவுக்கு மேல் முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள் என்று சொல்லி வெளியே தள்ளிவிட்டது. என் பக்கத்திலிருந்து என்னையே! முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. அப்பா அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தவர், "அவளுக்கு ஆபீஸ்ல என்ன வேலையோ, பாவம்" என்று உனக்கு வக்காலத்து வாங்கினார். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர் இல்லையா, யாரையும் பாதி வழியில் இறக்கிவிட மாட்டார். நான் உன்னை மனதுக்குள் எத்தனை தடவை இறக்கிவிட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அன்று மதியம் வரைக்கும் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து புதுப் பக்கம் தொடங்கினேன். பெயர் வெறும் 'கடுகு'. பின்தொடர்பவர்கள் பூஜ்யம். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் ஆனார்கள்: அப்பா, கீழ்வீட்டுத் தையல்காரக்கா, டயர் விற்கிற யாரோ ஒருவர்.

முதல் படமாக மழையில் நிற்கும் யானையைப் போட்டேன். கீழே ஏதாவது எழுத வேண்டுமே; நீ போவதற்கு முன் எழுதி வைத்திருந்த வரிகளும் தீர்ந்துவிட்டன. ஒரு மணி நேரம் யோசித்தேன் என்றால் நம்ப மாட்டாய். கடைசியில், "இது ஒரு யானை. மழை பெய்கிறது" என்று எழுதினேன். டயர்க்காரர், "தெரியுது" என்று கமென்ட் போட்டார். அக்கா கீழே தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்த சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டது. நீயாக இருந்தால் என்ன எழுதியிருப்பாய் என்று அப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. எறும்பு யானைக்குக் குடை பிடிக்கிற படத்துக்கு நீ எழுதினாயே, "எறும்பு குடை பிடித்தது. யானையின் ஒரு நகம் நனையவே இல்லை" என்று. அந்த ஒரு வரியை எட்டாயிரம் பேர் பகிர்ந்தார்கள். படத்தைத்தான் பகிர்கிறார்கள் என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

இன்னொன்றும் தெரிந்தது. நீ ஒவ்வொரு கமென்டுக்கும் பதில் எழுதுவாய். உனக்கு வேறு வேலை இல்லை என்று கேலி செய்வேன். இப்போது என் பக்கத்தில் வருகிற இருபது பேருக்குப் பதில் எழுதுவதற்குள் எனக்கு இடுப்பு ஒடிகிறது. அதுதான் வேலை என்று எனக்கு ஆறு வருடமாகப் புரியவில்லை.

ஆனால் கடையை மூட மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். வரைந்து வைத்துவிட்டு யாராவது வந்து பார்ப்பார்கள் என்று காத்திருந்தால் நடக்காது. தினம் ஒன்று போடுவதென்று வைத்துக்கொண்டேன். முதல் பத்து நாள் ஒன்றும் நகரவில்லை. பதினோராம் நாள் அக்கா மேலே வந்து, "உனக்குத்தான் எழுத வரலையே, அப்புறம் ஏன் எழுதறே? எங்கிட்ட வாய் ஓயாம பேசறே இல்ல, அதையே பேசித் தொலையேன்" என்றார். ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு, போனைக் கயிற்றால் கட்டிக் கவிழ்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு வரைந்துகொண்டே பேசினேன். கை மட்டும்தான் தெரியும். கீழே தையல் மிஷின் சத்தம் வேறு. அது என்ன சத்தம், ரயிலா என்று நான்கு பேர் கேட்டார்கள். அக்காவுக்கு ஒரே பெருமை.

ஒரு பல் டாக்டர் என் வீடியோவைப் பார்த்துவிட்டு, குழந்தைகள் காத்திருக்கும் அறைக்கு முதலை ஒன்று வேண்டும் என்றார். வரைந்தேன். பல் எல்லாம் ரம்பம் மாதிரி வந்து, பார்த்தாலே பிள்ளைகள் ஓடிவிடும் போல இருந்தது. அழித்தேன். மறுபடி வரைந்தேன். இந்த முறை முதலைக்கே பல் வலிக்கிற மாதிரி இருந்தது. முன்பானால் இதையெல்லாம் யாருக்கும் காட்ட மாட்டேன். அழித்த கோட்டையும் காட்டுடி என்று நீ தலைப்பாடாக அடித்துக்கொள்வாய், நான் மானம் போகும் என்பேன். இப்போது இருந்ததை இருந்தபடி காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் அந்தப் பல்வலி முதலைதான் எல்லோருக்கும் பிடித்தது. டாக்டரும் அதையே எடுத்துக்கொண்டார். இன்றைக்கு என்னிடம் முந்நூற்று நாற்பத்தொரு பேர்.

பதிப்பகத்து அம்மாவுக்கு உள்ளதைச் சொல்லிவிட்டேன். பழைய பக்கம் பூட்டிக் கிடக்கிறது, புதுப் பக்கம் இது, பார்த்து முடிவு செய்யுங்கள் என்று எழுதினேன். வரும் திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.

நாலு வரி யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொன்னேனே, அது தப்பு. எனக்கு எழுத வரவில்லை. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
கடுகு


செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள குண்டூசிக்கு,

நேற்று நடந்ததை யார் மூலமாகவும் நீ கேட்கக் கூடாது, நானே சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். முழங்கையில் இருந்த வண்ணக் கறை மட்டும் போகவில்லை. சின்ன அலுவலகம், மாடியில் இரண்டு அறை, சுவர் தெரியாமல் புத்தகக் கட்டுகள். அந்த அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். நெற்றியில் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். சிரித்துவிட்டார், எனக்கும் பாதி பயம் போய்விட்டது.

மேஜை மேல் நம் பழைய பக்கத்திலிருந்து எடுத்த படங்கள், நாற்பது இருக்கும், அச்சடித்துப் பரப்பியிருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. நான் ஆசையாகக் குனிந்து பார்த்தேன். வட்டம் எதுவும் படத்தைச் சுற்றி இல்லை. எல்லாம் கீழே இருந்த வரிகளைச் சுற்றித்தான்.

அந்த அம்மா, "படம் அழகா இருக்கு, அதுல சந்தேகமில்ல. ஆனா பிள்ளைங்ககிட்டப் படிச்சுக் காட்டினப்போ, திரும்பத் திரும்பக் கேட்டது இந்த வரிகளைத்தான். எங்களுக்குப் படமும் கதையும் ஒருத்தரே செஞ்சா ரொம்ப வசதி. நீங்கதானே எழுதினீங்க?" என்றார்.

பழைய பக்கத்தில் உன் பெயர் இல்லை, குண்டூசி. என் பெயரும் இல்லை. ரெண்டும் பட்டப்பெயர்தான். குண்டூசியும் நான், கடுகும் நான் என்று தலையை ஆட்டியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. பன்னிரண்டு புத்தகமும் அங்கேயே என் கைக்கு வந்திருக்கும். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் வாய் வரைக்கும் வந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் எப்படியாவது எழுதப் பழகிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். நீயோ நான்கு மாதம், ஐந்து மாதமாக என்னை மனுஷியாகவே மதிக்கவில்லை. உனக்கு நான் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

முடியவில்லை. வரி எல்லாம் உன்னுடையது என்று சொன்னேன். உன் பெயரை, முழுப் பெயரை, எழுதிக் கொடுத்தேன். முகவரியும் கொடுத்தேன். அந்த அம்மா தாளை வாங்கிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அப்புறம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். முதலில் உன்னிடம் கேட்பார்களாம். நீ எழுத ஒப்புக்கொண்டால், யார் வரைவது என்பதில் உன் விருப்பத்தையும் கேட்பார்களாம். அங்கே ஏற்கெனவே வரைகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்களாம், நன்றாகவே வரைவார்களாம். என் புதுப் பக்கத்தையும் பார்த்திருக்கிறார். முதலை நன்றாக இருக்கிறது என்றார். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "பைத்தியக்காரி" என்றார். பிறகு எழுந்து போய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார். தையல்காரக்கா கேட்டுவிட்டு, "நல்ல காரியம் பண்ணினே. ஆனா அதை அவளுக்குத் தெரியற மாதிரிப் பண்ணு" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆக, இந்த வாரம் உனக்கு அவர்களிடமிருந்து தகவல் வரும். என் மேல் உள்ள கோபத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடாதே. அது உனக்கு வந்த வேலை, நீ எழுதிய எழுத்துக்கு வந்த வேலை. விளம்பரக் கம்பெனியில் சோப்புக்கும் சீப்புக்கும் எழுதிக்கொண்டே இதையும் எழுதலாம். எழுது. கட்டாயம் எழுது.

யார் வரைவது என்று கேட்கும்போது, அந்த இரண்டு பேர் படத்தையும் வாங்கிப் பார். என் புதுப் பக்கத்தையும் பார். ஐந்து வாரத்தில் என் கை மாறியிருக்கிறது, உனக்கே தெரியும். படத்தைப் பார்த்து முடிவு செய், நம் சண்டையைப் பார்த்து முடிவு செய்யாதே. அவர்கள் படம்தான் பொருந்தும் என்று உனக்குத் தோன்றினால் அவர்களுக்கே கொடு. எனக்குப் பாவம் பார்க்காதே. நான் உட்கார்ந்து அழ மாட்டேன். நாளைக் காலையும் போனைக் கட்டித் தொங்கவிட்டு வரைவேன், நாளை மறுநாளும் வரைவேன். முந்நூற்று எண்பது பேர் ஆகியிருக்கிறார்கள். இன்னும் வருவார்கள்.

இதுவரை எழுதியதெல்லாம் வீறாப்பு. அப்படியே முடித்துக் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். மனம் கேட்கவில்லை. உன் ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது அதில் வரும் எறும்பு எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்று எனக்குத் தெரியும்டி. இன்னொருத்தி அதைத் தப்பாகத் திருப்பி நிறுத்துவாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நீ எழுதினால், நான் வரைகிறேன்.

நீ நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
கடுகு