தேர் அசையாமல் நின்ற நேரம்

விளக்கெண்ணெய் வாடை காலையிலிருந்து தெருவை விட்டுப் போகவில்லை. தேர்ச் சக்கரத்துக்கும் முட்டுக்கட்டைக்கும் தடவுகிற அதே எண்ணெய். உனக்கு அந்த வாடையே ஆகாது. மாசித் தேரன்று காப்பியைக்கூடத் தொடமாட்டாய். "தேரு நிலைக்கு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு எதுவும் எறங்காதுடி" என்பாய். நீ இல்லாத முதல் தேர் இன்று ஓடி முடிந்து, நிலைக்கும் வந்தாகிவிட்டது. நான் இன்னும் சாப்பிடவில்லை. உன் மேல் இருக்கிற கோபத்தில் பசியும் எடுக்கவில்லை.

செங்கல்பட்டுப் பள்ளியில் நான் இயற்பியல் டீச்சர், நீ பொருளியல். மேல்நிலை வகுப்பில் இரண்டு பேருக்குமே சமநிலை என்று ஒரு பாடம். அதை வைத்தே பஸ்ஸில் எத்தனை சண்டை! ஒரு கயிற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பலத்தோடு இழுத்தால் அது நகராது, நிகர விசை பூஜ்யம், முடிந்தது கதை என்பேன் நான். நீ விடமாட்டாய்.

"நீ பாட்டுக்கு ஒரு முட்டையப் போட்டுட்டுப் போயிடுற. அந்தக் கயித்துக்குள்ள இன்னா நடக்குதுன்னு பாத்தியா? அது பிய்யுற மாதிரி இறுகிக்கினு இருக்குதுடி."

"உன் பாடம் மட்டும் ஒழுங்கோ?" என்று கேட்டேன். ஒரு சனிக்கிழமை மீன் வாங்கப் புதுப்பட்டினம் போனோமே, அங்கே அதற்குப் பதில் சொன்னாய். அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸ்காரர்கள் பை பையாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா வஞ்சிரத்தின் விலையைக் கேட்டாள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள், வந்த வழியே நடந்தாள்.

"கொண்டாந்த மீனு அத்தினியும் வித்துப்போயிடும். விலை சமநிலைக்கு வந்துடுச்சுன்னு நாளைக்கு போர்டுல படம் போடுவேன். வெறுங்கையோட போகுதே அந்தம்மா, அது என் படத்துல எங்கடி நிக்குது?"

"முதல்ல வாங்கு, மீனு தீந்துடப்போகுது" என்றேன். நீ சிரித்துவிட்டாய். ஆனாலும் அந்த அம்மா போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் வீட்டுக்காரர் வருஷம் முழுக்க வேன் ஓட்டுகிறவர். தேரன்று மட்டும் கட்டை போடுகிறவர். அவர் அப்பா, தாத்தா காலத்திலிருந்து வருகிற உரிமை. தேருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. ஓடுகிற சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகித்தான் நிறுத்த வேண்டும், திருப்ப வேண்டும். செருகிய கையை உடனே எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதற்குப் பயந்துதான் நீ பட்டினி கிடந்தாய்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மாசித் தேர். தெற்கு வீதி முக்கில் புதிதாகக் கழிவுநீர்க் கால்வாய் கட்டியிருந்தார்கள். இடது வடத்தைப் பிடித்த இளவட்டங்கள் வேகத்தில் இழுக்க, தேர் கால்வாய்ப் பக்கம் ஒதுங்கியது. உன் வீட்டுக்காரர் கட்டையைச் செருகிவிட்டார். ஆனால் அவர் கால் சக்கரத்துக்கும் கால்வாய்ச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தேரை மீட்க வலது வடத்துக்காரர்கள் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். இடது பக்கத்து இளவட்டங்கள் விட்டுக்கொடுப்பார்களா? இரண்டு பக்கமும் இழுக்க, அவ்வளவு பெரிய தேர் அப்படியே நின்றது.

"அப்பாடா, நின்னுடுச்சு" என்று நான் சொன்னேன். இயற்பியல் டீச்சர்!

நீ என் கையை உதறிவிட்டு ஓடினாய். இரண்டு பக்கமும் இழுப்பதால்தான் அது நிற்கிறது, ஒரு பக்கம் ஒருத்தன் சறுக்கினாலும் அவர் கால் போய்விடும் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. "வடத்தக் கீழ போடுங்க!" என்று கத்தினாய். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நம் ஊரில் மேளம் அடித்தால் இழுப்பார்கள், மேளம் நின்றால் கையை விடுவார்கள். நீ நேராகப் போய் மேளக்காரர் கையிலிருந்த குச்சியைப் பிடித்துவிட்டாய். ஒரு பொம்பளை, தேர் முன்னால்! அடி நின்றது. இரண்டு வடமும் தரையில் விழுந்தன. தேர் ஒரு குலுக்குக் குலுக்கிச் சற்றுப் பின்வாங்கிக் கட்டையின் மேல் உட்கார்ந்தது. அவர் காலை உருவிக்கொண்டு வெளியே வந்தார்.

வந்ததும் நன்றியா சொன்னார்? "ஊரு முன்னாடி இன்னாத்துக்கு இந்தக் கூத்து? எனக்குக் கண்ணு இல்லியா?" என்றார். உன் மாமியார் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ அசரவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு தேருக்கும் அந்த முக்கில், வளையல் கடை ஓரமாக நின்று, அவர் கட்டையைச் செருகியதும் "வெளிய வா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துவாய். அவர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வருவார்.

வீட்டில் நீயும் நாலா பக்கமும் இழுபட்டபடிதான் நின்றாய். படுக்கையில் விழுந்த மாமியார் ஒரு பக்கம், ஸ்கூல் இன்னொரு பக்கம், வீட்டுக்காரருடைய முன்கோபம், நாத்தனார் குடும்பம். எல்லோரும் உன்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டோம். எல்லாவற்றையும் எப்படிச் சரிக்கட்டுகிறாள், ஒரு முகச்சுளிப்பு உண்டா என்றோம். மாதக்கணக்கில் உன் கால் வீங்கியிருந்ததாமே! புடவையைத் தழையத் தழையக் கட்டியது அதற்குத்தானா? போன ஐப்பசியில் டாக்டர் ஐ.சி.யூ.விலிருந்து வெளியே வந்து, கிட்னி கெட்டு உடம்பில் உப்புச்சத்தெல்லாம் சமநிலை தவறிவிட்டது, ரொம்பத் தாமதமாகக் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றார். சமநிலை என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. வீட்டுக்காரருக்காக மேளத்தை நிறுத்தத் தெரிந்த உனக்கு, உனக்காக ஒருதரம் நிறுத்தச் சொல்லத் தெரியவில்லையா? என்னிடமாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, பாவி!

இன்று வளையல் கடை ஓரமாக நான்தான் நின்றேன். தேர் முக்குக்கு வந்தது. அவர் குனிந்து கட்டையைச் செருகினார். சக்கரம் ஏறி நின்றது. அவர் வெளியே வரவில்லை. கட்டையில் கை வைத்தபடி, தலையைக் குனிந்தபடி அங்கேயே இருந்தார். மறுபடி வடம் இறுக ஆரம்பித்தது. மேளக்காரர் குச்சியை ஓங்கிவிட்டார்.

"வெளிய வாங்க!" என்று கத்தினேன். வகுப்புக்கு வெளியே நான் கத்தியதே இல்லை. அவர் திடுக்கிட்டு விலகினார். அடுத்த அடிக்குச் சக்கரம் உருண்டது.

தேர் நிலைக்கு வந்த பிறகு என்னைத் தேடி வந்தார். கையெல்லாம் விளக்கெண்ணெய்.

"கத்தினது நீங்களா, டீச்சர்?"

"நான்தான்."

"அடுத்த வருசமும் வந்து நில்லுங்க. எப்ப வெளிய வரணும்னு எனக்குத் தெரியாது டீச்சர். இத்தினி வருசமா அவ சொல்லித்தான் வந்துகினு இருந்தேன்."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் குடித்தும் தொண்டை திறக்கவில்லை. தேருக்கு மறுநாள் உனக்கும் இப்படித்தான் குரல் வராது. அன்றைக்கெல்லாம் உன் வகுப்புக்கும் போய் உனக்காக நான்தான் கத்துவேன். நாளைக்கு எனக்காகக் கத்த யாரடி இருக்கிறார்கள்?