பெட்டியில் பூட்டிய காகிதம்

செஞ்சி,
சனிக்கிழமை.

அன்பு மகன் நெடுமாறனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீயும் உன் பெண்டாட்டி பிள்ளையும் சுகமாக இருக்க சிங்கவரம் பெருமாள் துணை. உன் தங்கை ரஞ்சனி பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், ரசம் சாதம் சாப்பிடுகிறாள். போனில் திட்டினால் நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் மகாலட்சுமி அம்மா வந்து, ரத்த சொந்தத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்டார். உன் நைனா, அதெல்லாம் இல்லீங்க, எங்க வூட்ல எல்லாரும் கல்லு மாதிரி இருக்குறாங்க என்றார். அந்த அம்மா விடவில்லை, ஆபரேஷனில் யாராவது இறந்தார்களா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என் தம்பி எழிலனைச் சொன்னேன். பத்தொன்பது வயதில் குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்தவன், மேசை மேலேயே உடம்பு அனலாய்க் கொதித்து, தாடை இறுகிச் செத்துப்போனான். முந்தின நாளு எங்கப்பா கிணத்துல குளிக்க வுட்டுட்டாரு, அந்த ஜுரம்தாம்மா என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. வேறு யாருக்கு ஆபரேஷன் நடந்தது என்றார், சிங்கப்பூரில் உன் காலுக்குத் தகடு வைத்ததைச் சொன்னேன். என்னிடம் இரண்டு வருடம் வாய் திறக்காதவன், அவர் போன் போட்டதும் ஐந்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் கக்கினாய்.

மயக்க வாயு உள்ளே போனதும் உன் உடம்பும் அப்படித்தான் கொதித்ததாம், இது பரம்பரையாக வருவது, கூடப் பிறந்தவர்களிடம் காட்டு என்று காகிதம் கொடுத்தார்களாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாயே, நீ மனுஷன்தானா? கேட்டால், தங்கச்சிக்கு ஜாதகம் பாக்குற நேரத்துல இன்னாத்துக்கும்மா டென்ஷன் என்கிறாய். கல்யாணம் பண்ண முதலில் பெண் உயிரோடு இருக்க வேண்டாமா? ரஞ்சனியை அந்த வாயு இல்லாமல் ஊசியிலேயே தூங்க வைத்தார்கள், ஆபத்துக்கு வேண்டிய மருந்து சென்னையிலிருந்து வரும்வரை நான்கு நாள் காத்துக் கிடந்தோம். அவளுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் அம்மா கேட்டது, பொண்ணு கண்ணு முழிச்சிட்டாளா என்று மட்டும்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கிணத்துல எறக்கிப் புள்ளையக் கொன்னுட்டியே என்று உன் தாத்தா கோவிந்தசாமியை முப்பத்தொரு வருடம் ஏசினேன். போன ஆடியில் சாகிற அன்றுகூட நான் அவருக்குக் கஞ்சி ஊட்டவில்லை, உன் நைனாதான் ஊட்டினார். நீ அந்தக் காகிதத்தைக் காட்டியிருந்தால், உன் மேல தப்பு இல்லப்பா என்று ஒரு வார்த்தை அவர் காது கேட்கச் சொல்லியிருப்பேன்.

உன் குழந்தைக்கும் டாக்டரிடம் காட்டு, உன் பெண்டாட்டியிடம் மறைக்காதே. தீர்க்காயுசாக இருங்கள். வரும் ஆடியில் தாத்தாவுக்கு வருஷத் திதி, லீவு இல்லை என்று சொல்லாமல் வந்து சேர். அந்தக் காகிதத்தையும் கொண்டு வா, அவர் படத்துக்கு முன்னால் நின்று நீயே வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அ. விருத்தாம்பாள்