கழுவாத பஞ்சு

இன்று காலை அண்ணா கடலுக்குப் போய் வந்தபோது அவர் கையில் மீன் முள் ஏறியிருந்தது. "அலுமாரிக்குள்ள பஞ்சு கிடக்கு, கெதியாக் கொண்டு வா" என்று அம்மா கத்தினா. உறையைப் பிரித்து ஒரு துண்டைக் கிள்ளினேன். என் விரல்கள் தம்பாட்டுக்கு அதைச் சின்னக் குளிசை போல உருட்டத் தொடங்கிவிட்டன. "இஞ்ச ரத்தம் ஓடுது, நீ என்ன விளையாடுறாய்?" என்று அண்ணா ஏசினார். எனக்கு உன் முகம்தான் முன்னுக்கு வந்தது.

கொழும்பு ஆய்வுகூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் மன்னார்; நான் கடற்கரைக் கீரி, நீ வயல் சூழ்ந்த உயிலங்குளம். நான் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நீ ஒப்பந்தத்தில் வேலை செய்த உதவியாளர். உடலின் உயிர்க்கலங்களுடைய மேற்பரப்பில் 'வளர்' என்ற செய்தியைப் பிடிக்கும் வாங்கிகள் இருக்கின்றன. அவற்றில் சீனிச் சங்கிலிகள் தொங்குகின்றன. புற்றுநோயில் அந்தச் சங்கிலிகள் எப்படி மாறுகின்றன என்பது என் ஆராய்ச்சி. சங்கிலிகளை வெட்டியெடுத்து, பஞ்சு அடைத்த சின்னக் குழாய்க்குள்ளால் விட்டுத் துப்புரவாக்கி, நிறை பார்க்கும் இயந்திரத்துக்குக் கொடுப்போம். ஆனால் பஞ்சும் சீனியால் ஆனதுதானே. கழுவாமல் போட்டால் அதன் துண்டுகளும் கரைந்து வந்துவிடும். அதனால் நீ பஞ்சைத் திரும்பத் திரும்பக் கழுவிப் போத்தலில் போட்டு வைப்பாய்.

"அரிசி கழுவுற மாதிரித்தானடி, தண்ணி தெளியுமட்டும் விடக்கூடாது" என்பாய். "உயிலங்குளத்தாள் பஞ்சையும் உலையில போடுவாள்" என்று நான் பகிடி பண்ணுவேன்.

நீ ஊருக்குப் போயிருந்த ஒரு கிழமையில் அந்தப் போத்தல் முடிந்துவிட்டது. மாநாட்டுக்கு முடிவுகளை அனுப்ப எனக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மருந்துக்கடையில் ஒரு பைக்கற் பஞ்சு வாங்கி அப்படியே அடைத்தேன். இயந்திரம் வரைபடத்தில் ஒரே அளவு இடைவெளியில் வரிசையாகக் கூர்களைக் கீறியது. இந்த வாங்கியில் ஒருவரும் காணாத சங்கிலி! நான் துள்ளிக் குதித்தேன். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான சேர் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

நீ திரும்பி வந்து அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்தாய். "எடி, இது படி படியாப் போகுது. பஞ்சுச் சீனி போலக் கிடக்கு. நான் கழுவி வைச்ச பஞ்சைத்தானே போட்டனீ?"

"ஓம்" என்றேன்.

"அந்தக் குழாயில வெறுந்தண்ணியை ஒருக்கா ஓட்டிப் பாப்பம்."

"இயந்திரத்துக்கு நேரமில்லை" என்று சொல்லி உன்னைத் தட்டிக்கழித்துவிட்டேன்.

சில மாதம் கழித்து வேறோர் ஆய்வுகூடம் அந்தச் சங்கிலியே இல்லை என்று எழுதியது. சேர், நான் அடைத்து மிஞ்சிய குழாய்களில் வெறுந்தண்ணியை விட்டுப் பார்த்தார். அதே கூர்கள். "பஞ்சு கழுவினது ஆர்?" என்று கேட்டார். நீ எழும்பினாய். "நான்தான் சேர். எங்கேயோ பிழை விட்டிட்டன் போல." நான் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் ஒப்பந்தத்தை அவர்கள் நீடிக்கவில்லை.

மன்னார் பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட வந்தேன். நீ என் கையைப் பிடித்து, "என்னில கோவிக்காதை. உன்ர பேரையும் கெடுத்துப்போட்டன்" என்றாய். மன்னிப்புக் கேட்டது நீ! "பரவாயில்லை" என்று நான் பெருந்தன்மையாக வேறு சொன்னேன். சீ, என்ன மனுசி நான்!

ஒவ்வொரு தவக்காலமும் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் "பொய் சொன்னனான் சுவாமி" என்று சொல்லியிருக்கிறேன். செபம் சொல்லாதது, அம்மாவோடு சண்டை பிடித்தது, இவற்றுக்கு நடுவில் அதையும் செருகிவிடுவேன். எந்தப் பொய், யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சில மாதங்களுக்கு முன் நீ காய்ச்சலில் போய்விட்டாய் என்ற செய்தி வந்தபோதும், லீவு இல்லை என்று செத்த வீட்டுக்கு வராமல் ஒளித்தேன்.

அண்ணாவின் கையைக் கட்டிவிட்டு இன்று மத்தியானமே உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா கதிரை போட்டு இருத்தினா. நான் வாய் திறக்குமுன் அவவே தொடங்கினா: "போன வரியம் அவவை ஒரு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில வேலைக்குக் கூப்பிட்டவை, பிள்ளை. நல்ல வேலை. 'என்ர கையை நம்பி ஆரும் ரத்தம் தரக்கூடாதம்மா' எண்டு சொல்லிப்போட்டுப் போகேல்லை."

உன் கையில்தான் பிழை என்று நீ கடைசிவரை நம்பியிருந்தாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அன்ரி, அவவில ஒரு பிழையும் இல்லை. கழுவாத பஞ்சைப் போட்டது நான். அவ கேட்கேக்க பொய் சொன்னனான்" என்று முழுவதையும் சொன்னேன். அவ ஏசவில்லை. அழவும் இல்லை. "இதை அவ இருக்கேக்க வந்து சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றா.

அந்தக் கேள்வியோடுதான் திரும்பினேன், இனி என்றைக்கும் அது என்னோடுதான். கீரியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வர ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லையடி.