பொட்டு வைத்த சார்ஜர்

22.9.2009, செவ்வாய்

மத்தியானம் மழை. மகன் கதிர்வேல் செம்மங்குப்பம் கம்பெனிக்கு, மருமகள் அனுப்பிரியா ஸ்கூலுக்குப் பாடம் நடத்த, பேத்தி இளமதி படிக்க — எல்லாரும் போயாச்சு. நான் கேம் மிஷினை டிவியில் மாட்டிச் செங்கல் அடுக்கும் ஆட்டம் ஆடினேன். இளமதி வாங்கிய பாயிண்டைத் தாண்டிவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தவள், "ஆயா, நீ வீட்ல வேலையே செய்யறது இல்லையா?" என்றாள். அஞ்சாவதோடு நின்றவளிடம் எட்டாவது படிக்கிறவள் தோற்றால் எரிச்சல் வராதா?

மிஷின் கையகலம்தான். அதிலேயே பார்த்தால் என் கண்ணுக்கு எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். அனுப்பிரியாவின் தம்பி கார்த்திகேசன் சிங்கப்பூரிலிருந்து ரெண்டு கொண்டுவந்தான். ஒன்று எங்களுக்கு, ஒன்று சிதம்பரத்தில் அவன் அப்பாவுக்கு. கூட வந்த சார்ஜர் இடி மழையில் எரிந்துவிட்டது. இங்கே கடலூர் லாரன்ஸ் ரோட்டுக் கடையில் நான்தான் பேரம் பேசி, சார்ஜரும் டிவி வயரும் சேர்ந்த செட்டு வாங்கி வந்தேன். மிஷின் செய்த கம்பெனியின் மால் இல்லை. அதனாலென்ன, ஜோராக ஓடுகிறது. சம்பந்தி ராஜமாணிக்கமும் டிவியில் ஆட அதே கடையில் அதே செட்டு வாங்கினார். என்னைப் பார்த்து வாங்கினேன் என்று சொல்ல மாட்டார்.

27.9.2009, ஞாயிறு

ஆயுத பூஜை. என் தையல் மிஷின், அரிவாள்மணை, கதிர்வேல் வண்டி, மிக்ஸி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். கேம் மிஷினுக்கும் அதன் சார்ஜருக்கும் வைத்தேன்.

"இதுக்குமா அத்தை?" என்றாள் அனுப்பிரியா.

வீட்டில் இருக்கிற மிஷினில் இதை மட்டும் ஒதுக்குவானேன்?

28.9.2009, திங்கள்

கார்த்திகேசன் ரெண்டு வீட்டுக்கும் சின்ன சிடி மாதிரி புது கேம் தட்டு அனுப்பியிருந்தான். பூஜையில் இருந்த மிஷினை எடுத்து இளமதி அந்தத் தட்டைப் போட்டாள். அப்டேட் பண்ணவா என்று மிஷின் கேட்டதாம். சரி என்று அமுக்கினாள். மிஷின் தானே அணைந்து மறுபடி வெளிச்சம் வந்தது. பிறகு டிவியில் படம் வரவில்லை. சார்ஜும் ஏறவில்லை.

"இந்த வயரை ஏத்துக்க மாட்டேன்னு போட்டிருக்கு" என்று இளமதி படித்தாள்.

அனுப்பிரியா மிஷினைத் திருப்பிப் பார்த்தாள். வயர் செருகும் வாயோரம் என் சந்தனம் காய்ந்திருந்தது. "இது உள்ள போயிருந்தா எப்படி ஏத்துக்கும்? இனிமே கரெண்டு சாமான நீங்க தொட வேணாம் அத்தை."

மெதுவாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

29.9.2009, செவ்வாய்

சம்பந்தி போன் செய்தார். அவர் சாமி பூஜை என்று எதுவும் செய்யாதவர். "அடுத்த வருஷம் சக்கரப் பொங்கலும் ஊட்டி வுடுங்க சம்பந்தியம்மா" என்று சிரிக்கிறார். உங்களுடையது எப்படி என்றேன். "எங்களுது ஜம்முன்னு ஓடுது" என்றார்.

அப்போ என் சந்தனம்தானா?

3.10.2009, சனி

லாரன்ஸ் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மிஷினைத் துடைத்துச் சோதித்தார். மிஷினிலும் பழுதில்லை, வயரிலும் பழுதில்லை என்கிறார். பின்னே ஏன் ஓடவில்லை என்றால் உதட்டைப் பிதுக்குகிறார். வீட்டில் சொன்னேன். "வித்தவரு வேற எப்படிம்மா சொல்லுவாரு?" என்றான் கதிர்வேல்.

அவனும்.

17.10.2009, சனி

தீபாவளி. வடைக்கு மிக்ஸியில் அனுப்பிரியாவே அரைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

9.11.2009, திங்கள்

மத்தியானப் பொழுது ஓடமாட்டேன் என்கிறது. கட்டைவிரல் தானாக ஆடுகிறது. ஃபேனைக்கூடப் போடாமல் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அனுப்பிரியா வந்து ஏன் என்று கேட்டாள். கரெண்டு சாமானாச்சே என்றேன். அவள் முகம் சுருங்கிப் போச்சு. எனக்கு அதில் சந்தோஷமா? கொஞ்சம் இருந்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை.

அந்தப் பொட்டைக் கொஞ்சம் தள்ளித்தான் வைத்திருக்கலாமோ?

28.12.2009, திங்கள்

சிதம்பரம் போனால் சம்பந்தி வீட்டில்தான் தங்கணும், அதனால் ஆருத்ரா தரிசனத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். கல்யாணமான வருஷத்திலிருந்து விட்டதில்லை. அந்த மனுஷன் கேலிக்குப் பயந்து நடராஜரை விடுவேனா? போறேன்.

1.1.2010, வெள்ளி, சிதம்பரம்

இதை எழுதறதே கோபத்தில்தான்.

விடியற்காலை சம்பந்தியம்மா புஷ்பவள்ளி களி கிண்டிக்கொண்டிருந்தாள். டிவி பக்கத்தில் கேம் வயரையே காணோமே என்று சும்மாதான் கேட்டேன். அவள் கரண்டி நின்றுவிட்டது.

"அது அப்பவே நின்னுடுச்சுங்க. அந்தப் புதுத் தட்டப் போட்டதும் உங்களுது மாதிரியே போச்சு. வெளியில சொல்லாதன்னுட்டாரு."

மூணு மாசம்! மூணு மாசமா நான் ஃபேன் போடாம வெந்துட்டிருக்கேன், இவரு ஜம்முன்னு ஓடுதுன்னு...

தரிசனம் முடிந்து வந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் இலையில் நானே களி வைத்தேன். மெதுவாகத்தான் கேட்டேன்: "உங்க மிஷினுக்கு யாரு சம்பந்தி பொட்டு வெச்சது?"

அவர் இலையைப் பார்த்தார். அனுப்பிரியாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "அப்பா?" என்றாள்.

"கிண்டல் பண்ணிட்டுதான் தட்டையே போட்டுப் பாத்தேன். பேசிட்ட பெறகு எப்படிம்மா சொல்றது?"

கார்த்திகேசன் புது வருஷ வாழ்த்துச் சொல்ல போன் செய்தபோது அவனிடமே கேட்டோம். அங்கேயும் எல்லாரும் திட்டுகிறார்களாம். அந்த அப்டேட்டில் கம்பெனிக்காரனே தடை வைத்துவிட்டானாம். அவன் செய்த வயரை மட்டும் மிஷின் ஏற்கும். வேறு யார் செய்ததையும், நல்லதாகவே இருந்தாலும், ஏற்காது.

என் தையல் மிஷினில் எவன் செய்த ஊசியும் போகும். போகாதே என்று அது ஒரு நாளும் சொன்னதில்லை. காசு கொடுத்து வாங்கின பிறகு அது யார் மிஷின்? நேற்று வரை ஓடியதை நிறுத்த அவன் யார்?

ஜெயித்துவிட்டேன். ஆனாலும் மனசு ஒரு இடத்தில் உட்காரவில்லை. சம்பந்தியாவது எதிரே இருந்தார், கேட்டேன். அந்தக் கம்பெனிக்காரனை எங்கே போய்க் கேட்பது?

3.1.2010, ஞாயிறு

கடலூர் வந்தாச்சு. இன்றைக்குக் காலையில் அனுப்பிரியா அடுப்படியிலிருந்து, "அத்தை, கொஞ்சம் தேங்கா அரைச்சுக் குடுங்க" என்றாள். அம்மிப் பக்கம் போனேன். "மிக்ஸியில" என்றாள்.

20.5.2010, வியாழன்

கார்த்திகேசன் லீவில் கம்பெனி சார்ஜரும் வயரும் கொண்டுவந்தான். ஓடுகிறது. இளமதியிடம் தோற்றேன்.

16.10.2010, சனி

ஆயுத பூஜை. கேம் மிஷினை நான் எடுக்கவில்லை. தையல் மிஷினுக்கு வைத்துவிட்டு எழுந்தபோது, அனுப்பிரியாவே அதைக் கொண்டுவந்து பலகையில் வைத்துச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். நட்டநடுவில், வாயை விட்டுத் தள்ளி ஒரு பொட்டு வைத்தேன். கம்பெனி சார்ஜருக்கு வைக்கவில்லை.

பிறகு பீரோ மேலே கிடந்த லாரன்ஸ் ரோடு செட்டை எடுத்துத் தூசு தட்டிப் பலகையில் வைத்தேன். அனுப்பிரியா கிண்ணத்தை அதன் பக்கமாக நகர்த்தினாள்.