பதினோராம் வரிசைக்குத் தண்ணீர்

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு அதையே நலம் என்று வைத்துக்கொள். அந்தக் குளிர் ஊரில் உனக்கு இருமல் விட்டதா இல்லையா என்று எழுது.

போனில் கேட்டால், "வேலை ஜாஸ்திக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். இரண்டு மாதமாக இதே பாட்டு. கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது என்றுதான் தாளை எடுத்தேன்.

மழை இந்த வருஷமும் கைவிட்டுவிட்டது. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் போட்டால் கொஞ்சம் தண்ணீர் வருகிறது, பிறகு சேறு, பிறகு வெறும் காற்று. உன் அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் ஸ்பேனரிலிருந்து ஓய்வு பெறவில்லையே, மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மோட்டார் நல்லாத்தான் இருக்கு, பூமிக்குத்தான் ரிப்பேர்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது நம் காட்டுக் காப்பித் தோட்டம் முழுக்க லாரித் தண்ணீரை நம்பித்தான் நிற்கிறது. அந்த லாரியும் முன்பு போல அடிக்கடி வருவதில்லை.

போன வாரம் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான். நிழலை விட்டு நகராமல், "எதுக்கும்மா இவ்ளோ கஷ்டம்? விதையைக் காயவெச்சு ஃப்ரீசர்ல போட்டுட வேண்டியதுதானே? நெல்லையெல்லாம் அப்படித்தானே வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். நெல் தூங்கும் சார், காப்பி விதை தூங்காது, காயவைத்து உறையவைத்தால் பெரும்பாலான காட்டு வகைகள் செத்தே போகும், மரமாக நிறுத்தி வைத்தால்தான் உண்டு என்று சொன்னேன். "அப்ப காலத்துக்கும் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணுமா?" என்றார். ஆமாம் சார், காலத்துக்கும், என்றேன். சொல்லும்போது எனக்கே கால் வலித்தது.

காப்பி என்றால் கடையில் தூளாக விற்கிற இரண்டு வகைதான் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. நூற்றுக்கு மேல் இருக்கிறது, அதில் பாதிக்கும் மேல் அழிவின் விளிம்பில் நிற்கிறது என்று சொன்னால் அவர்களும் பாவம், என்னதான் செய்வார்கள்? ஒரு வாய் குடித்துவிட்டு உச்சுக் கொட்டுவார்கள்.

அதிகாரி போன பிறகு கமிட்டி கூடியது. இருக்கிற தண்ணீரை யாருக்கு விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். தனி இனம், அதுவும் வேறெங்கும் இல்லாத இனம் என்றால் தண்ணீர் உண்டு. வெளியே காடுகளில் பரவலாக இருக்கிற வகை என்றால் கிடையாது. எல்லாம் சுலபமாகப் பிரிந்துவிட்டது, பதினோராம் வரிசையைத் தவிர. பழம் சிவக்காமலேயே கறுக்கிறது என்று நீ கருங்கண்ணி என்று பெயர் வைத்தாயே, அந்தப் பன்னிரண்டு மரங்கள். அவற்றை எடுத்துவந்த மலைச்சரிவு இரண்டு கோடைகளில் எரிந்து, மிச்சத்தையும் வெட்டி, இப்போது மொட்டையாகக் கிடக்கிறது. நம் பலகையில் இன்னமும் 'பெயர் தீர்மானமாகவில்லை' என்றுதான் இருக்கிறது.

அது தனி இனமா என்று நீ ஆராய்ந்து சொல்லப்போகும் முடிவுக்காகத்தான் இயக்குநர் காத்திருக்கிறார். "உங்க தங்கச்சிதானே பாக்கறாங்க, நல்ல சேதியாத்தான் வரும்" என்று சிரித்தார். நீ இப்படித்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நீ என்ன பார்க்கிறாயோ அதை எழுது. நல்லபடியாகப் பார்த்து எழுது.

வீட்டில் குளியலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கிவிட்டேன். அதற்கு உன் அத்தான் முறைக்கிறார். அவர் போனில் ஏதாவது சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு லேசாகத் தலைசுற்றல், வெயில்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ஒரு வரியாவது எழுது.

உன் அக்கா

*

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதுவது. இருமல் விட்டுவிட்டது. அத்தானை நான் மிகவும் கேட்டதாகச் சொல்.

வேலை ஜாஸ்தி என்று நான் சொன்னது பொய். முடிவு எப்போதோ வந்துவிட்டது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் போனை வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்க்கிற உலர்தாவரக் கூடத்தைப் பற்றி உனக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். ஜன்னல் இல்லாத நீள அறை, இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றிலும் காய்ந்த கிளைகளை ஒட்டிய தாள்கள். யாரோ எங்கோ ஒரு காட்டில் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒடித்த கிளையில் இன்னும் பூ உதிராமல் இருக்கிறது. அந்தத் தாள்களுக்கு நடுவில் நீ அனுப்பிய கிளைகளை வைத்துப் பார்த்தேன். இலையின் அகலம், அடிப்பக்கத்தில் நரம்பு பிரிகிற இடத்துச் சின்னக் குழிகள், ஒரு கணுவில் எத்தனை பூ, விதையின் பள்ளம் என்று ஒன்றையும் விடவில்லை. முதல் வாரம் சந்தோஷமாக இருந்தேன். கருங்கண்ணியின் இலை அப்படியே தனியாகத் தெரிந்தது. பிறகு வேறு அலமாரிகளையும் திறக்கத் திறக்க, நடுவிலுள்ள அளவெல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கோடியில் ஒடுங்கிய இலை, மறுகோடியில் அகன்ற இலை, இடையில் எங்கேயும் கோடு போட முடியவில்லை. கறுத்த பழம் கூட இன்னும் இரண்டு இடங்களிலிருந்து வந்திருக்கிறது.

டிஎன்ஏ சோதனையும் அதையே சொல்லிவிட்டது. கருங்கண்ணி தனி இனம் இல்லை அக்கா. தாழ்வான காடுகளில் பரவலாக வளர்கிற அந்த அகல இலைக்காரியின் வீட்டுப் பெண்தான். கொஞ்சம் தள்ளிப் போய்க் குடியிருந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன். அவர் இருபது வருஷமாக இதே வேலையில் இருப்பவர். "தனிப் பேர் வெச்சு விட்டுடு. பின்னாடி வர்றவன் வேணும்னா மாத்திக்கட்டும். காப்பியில எத்தனை பேர் வந்து போயிருக்கு" என்றார். அவர் சொல்வதும் முழுப் பொய் இல்லை. பக்கத்துப் பேரினம் ஒன்றையே சில வருஷங்களுக்கு முன்னால் மொத்தமாகக் காப்பிக்குள் சேர்த்தார்கள். நாளைக்கு இன்னொருத்தர் வந்து வேறு விதமாகப் பிரிக்கலாம். அதோடு, பெயர் ஒன்று என்பதற்காக மரமும் ஒன்றாகிவிடாது. அந்தச் சரிவின் வெயிலையும் வறட்சியையும் தாங்கி வந்தவை உன் பன்னிரண்டு மரங்கள்தான். நாளைக்குச் சூடு இன்னும் ஏறும்போது காப்பிக்கு அப்படிப்பட்ட உடம்பு தேவைப்படும். இதை என் ஆய்வுக் கட்டுரையில் எழுதத்தான் போகிறேன். ஆனால் உன் கமிட்டி கட்டுரை படிக்காது, தலைப்பைத்தான் படிக்கும்.

அத்தான் பேசினார். நீ திட்டாதே, நான்தான் துருவிக் கேட்டேன். நீ வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதினோராம் வரிசைக்கு ஊற்றுகிறாயாம். தோட்டத்தில் ஒரு தடவை மயங்கி உட்கார்ந்துவிட்டாயாம். "மரத்துக்கு ஊத்தினதுல பாதியை அவ குடிச்சிருந்தா எழுந்து நின்னிருப்பா" என்றார்.

அம்மா போன பிறகு நீ எனக்காக எதையெல்லாம் விட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. இந்த ஒன்றையும் கேட்கமாட்டாய், அதுவும் தெரியும். அதனால் நானே சொல்கிறேன். கட்டுரை இன்னும் என் கையில்தான் இருக்கிறது. நீ ஒரு வார்த்தை சொன்னால் தனி இனம் என்றே எழுதிவிடுகிறேன். என் பெயர் கெடுவதைப் பற்றிக் கவலைப்படாதே. உன் பதில் வரும்வரை அதை அனுப்பமாட்டேன்.

தண்ணீர் குடி அக்கா.

உன் சின்னவள்

*

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். பிறகு உன் அத்தானிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் காரணமில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மறுநாள் காலையிலேயே இயக்குநரிடம் போய், பதினோராம் வரிசை தனி இனமில்லை என்று முடிவு வந்துவிட்டது என்று சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "இதை ஏம்மா எங்கிட்ட கொண்டாந்தீங்க? கட்டுரை வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னே இருந்திருப்பேனே" என்றார். பாவம், அவரும் மனிதர்தானே. ஒரு மரத்தையாவது வைத்துக்கொள்ளலாமா என்று அவரே கேட்டார். ஒன்றை வைத்துக்கொண்டு என்ன சார் செய்வது, பக்கத்தில் துணை மரம் இல்லாமல் காய்க்காதே என்றேன். பதினோராம் வரிசைக்குத் தண்ணீரை நிறுத்தும் தாளில் அவர் கையெழுத்துப் போட்டார்.

நீ பொய் எழுத வேண்டாம். உன் பெயருக்காகச் சொல்லவில்லை, உனக்கு அந்த எண்ணம் வந்ததற்காக உன்னைக் குறைத்தும் நினைக்கவில்லை. பொய்யைக் கலந்தால் லாரி பெரிதாகிவிடாது. பதினோராம் வரிசைக்குப் போகிற தண்ணீர் எங்கிருந்தாவது பிடுங்கித்தான் வர வேண்டும். நான்காம் வரிசையில் நாம் ஒல்லிக்குச்சி என்று கூப்பிடுகிற வகையில் இரண்டே மரம்தான் நிற்கிறது. அது தனி இனம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மழை விழுந்தால்தான் மொட்டு விரியும், விரிந்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ. மழையே இல்லாமல் மொட்டெல்லாம் உதிர்ந்துகொண்டிருக்கிறது. உன் பொய் அதன் வாயிலிருந்துதான் தண்ணீரைப் பிடுங்கும். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்கமாட்டாய். நான் பார்ப்பேன்.

வால்வை மூடும் நாள் வந்தது. நானே மூட வேண்டும் என்று போனேன். உன் அத்தான் கூடவே வந்து, "நீ உள்ள போ" என்றார். அவர் பொருத்திய வால்வுதான் அது. மூடிவிட்டு வந்து, ஈரமே இல்லாத கையைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அவரிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். வால்வு மூடியது என்று தெரிந்ததும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. இனி அந்தப் பக்கம் குடம் தூக்க வேண்டாம், எந்த இலை தொங்குகிறது என்று காலையில் எழுந்ததும் ஓட வேண்டாம் என்று தோன்றியது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. அதுவும் மரத்துக்காக வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஓர் ஆளால் எத்தனை வருஷம்தான் ஒன்றையே சாகாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியும், சொல்.

தண்ணீர் லாரிக்காரர் ஒரு நாள் வந்து, "ரெண்டு குச்சி குடுங்கக்கா, மாமியார் வீடு மேட்டுலதான், ஊத்து இருக்கு. வேலியோரம் நட்டு வெக்கிறோம், வந்தா வருது" என்றார். கருங்கண்ணியில் நேராக மேலே போகிற கிளைகளாகப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்க வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். அந்த மாமியார் அம்மா தினம் ஒன்றாகப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். மிச்சம் மூன்று இருக்கிறதாம், அதில் ஒன்று துளிர்த்த மாதிரி தெரிகிறதாம். தெரிகிறது என்று சொல்வது அந்த அம்மாதான். அதனால் நான் இப்போதைக்கு எதையும் நம்பவில்லை.

வரிசையில் நான்கு மரம் காய்ந்துவிட்டது. மற்றவை இலையை உதிர்த்துவிட்டு நிற்கின்றன. நீ சொன்னது உண்மைதான், சீக்கிரம் சாகிற ஜாதி இல்லை அது.

இனி என் சேதி. மறுபடியும் ஒரு தடவை விழுந்தேன், இந்த முறை ஆஸ்பத்திரி வரைக்கும் போக வேண்டியதாயிற்று. டாக்டரம்மா சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "நீங்க தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று கேட்டார். உன் அத்தான் வாயைத் திறக்கப் போனார், காலை மிதித்தேன். சிறுநீரகம் இரண்டும் களைத்துப் போயிருக்கிறதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். வெயிலில் நிற்கவே கூடாது என்றுவிட்டார். வெயிலில் நிற்காமல் இந்த வேலை ஏது? பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன். புதிதாக வந்தவர் நல்ல படிப்பாளி. மரத்தையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "மேடம், இதுல எது முதல்ல போகும்?" என்றுதான் கேட்டார். கைகாட்டினேன். எழுதிக்கொண்டார்.

நீ பயந்துகொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடாதே. கட்டுரையை முடி. கருங்கண்ணி இன்னாருடைய கிளைதான் என்று தெளிவாக எழுது. ஆனால் அது எந்தச் சரிவிலிருந்து வந்தது, அங்கே எவ்வளவு நெருக்கமாக நின்றது, அந்தக் காட்டுக்கு என்ன ஆனது என்பதையும் விடாமல் எழுது. படிக்கிறவர்கள் நாலு பேர்தான் என்றாலும் பரவாயில்லை. இனிமேல் கெட்ட சேதி இருந்தால் முதலில் அதை அனுப்பு. சொல்லாமல் வைத்திருந்து என்னைக் காக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ சரியாகப் பேசாத இரண்டு மாதம்தான் இந்த வருஷத்தில் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

கட்டுரையை அனுப்பிவிட்டு, லீவு கிடைக்கும்போது வா. ஒவ்வொரு தடவையும் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகத் தோட்டத்துக்கு வந்து என்னைத் தேடுவாய், நான் கையிலிருக்கிற மண்ணோடு இதோ வந்துவிட்டேன் என்று சொல்லி உன்னை அங்கேயே உட்கார வைத்துவிடுவேன். இந்தத் தடவை அப்படி இல்லை. பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து நிற்பேன். மெதுவாகத்தான் நடப்பேன், நீயும் அவசரப்படுத்தாதே. எனக்கு இப்போது நேரம் இருக்கிறது. நீ எப்போது வருகிறாய் என்று மட்டும் சொல், கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணே. நன்றாக இரு.

உன் அக்கா